வெள்ளிக்கிழமைக் குரல்

பூதலூர் ரயிலடி ரோட்டில் ஜெகபர் அலி வைத்திருந்த டெலிபோன் பூத் பிற்பாடு ரீசார்ஜ் கடையாகி, அதற்கும் பிற்பாடு முட்டைக் கடையாகிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் குவைத்திலிருந்து அங்கே கூப்பிட்டுக்கொண்டிருந்த ரெமிஜியஸும் இப்போது இல்லை. அப்போது இருந்தான்.

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. தொழுகைக்குப் போகிறவர்கள் போய்வந்து, சமைத்துச் சாப்பிட்டு, ஆளுக்கொரு டெலிபோன் கார்டை வைத்துக்கொண்டு போனைச் சுற்றி உட்காரும் நேரத்தில் இங்கே நாலு மணி வெயில் இறங்கியிருக்கும். சுற்றுவட்டாரத்துப் பெண்கள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு பூத்துக்கு வெளியே பெஞ்சில் காத்திருப்பார்கள். முகம் தெரியாத போனுக்குப் பூ எதற்கு என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

"குவைத்து அமலி! லைன்ல!" என்பார் ஜெகபர் அலி.

அமலி கண்ணாடிக் கூண்டுக்குள் போவாள். கூடவே இரண்டு பெண்பிள்ளைகள். ஒருத்தி அவள் மகள் அனிட்டா, எட்டு வயசு. இன்னொருத்தி ஆஷ்லின், அமலியின் அண்ணன் அருள்பிரகாஷுடைய மகள், ஒரு வயசு மூத்தவள். வாய்க்காலில் தண்ணீர் வந்த கதை, வீட்டுக்கு லிண்டல் போட்ட கதை எல்லாம் சொல்லி முடித்து, "புள்ளகிட்ட பேசுங்க" என்று அமலி ரிசீவரை நீட்டுவாள்.

அதை வாங்குவது ஆஷ்லின்.

"அப்பா, நான் அனிட்டா பேசுறேன்ப்பா. சாப்டீங்களாப்பா?"

அனிட்டா கண்ணாடியில் படிந்த தூசியில் விரலால் கோடு இழுத்துக்கொண்டு நிற்பாள்.

ரெமிஜியஸ் விமானம் ஏறியபோது அனிட்டாவுக்கு நாலு வயசு. அந்த வருஷத்துச் சம்பா நடவின்போதுதான் அவளுக்குப் பேச்சு தட்டியது. முதலில் ஒரே எழுத்து மூன்று நான்கு முறை வந்தது. பிள்ளை கொஞ்சுகிறது என்று சிரித்தார்கள். அப்புறம் எழுத்தும் வராமல் நின்றது. வாய் திறந்திருக்கும், கழுத்து நரம்பு எழும்பி நிற்கும், கண் ஒருபக்கமாகப் போகும், சத்தம் மட்டும் வராது. எந்தச் சொல்லை விடவும் மோசமாக மாட்டியது அவள் பெயர். ராத்திரி ஜெபமாலையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது தண்ணீர் போல ஓடும். தனியாக முன்சொல்ல அவள் முறை வந்தால் தூக்கம் வருவதாகப் படுத்துவிடுவாள்.

"அப்பன் ஏக்கம்" என்றது ஊர். வெண்ணாற்றங்கரையின் அந்தச் சின்ன ஊரில் மாதா கோயில் தெருவும் மாரியம்மன் கோயில் தெருவும் ஒரே பேச்சாகப் பேசிய விஷயங்கள் குறைவு. இது அதில் ஒன்று. வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தார்கள். பூண்டி மாதாவுக்கு வெள்ளியில் நாக்கு செய்து போடுவதாக அமலி நேர்ந்துகொண்டாள். கோயில் வாசல் கடையில் கண் இருந்தது, கை இருந்தது, கால், தொட்டில், வீடு எல்லாம் இருந்தது, நாக்கு இல்லை. திருக்காட்டுப்பள்ளியில் ஒரு பத்தரிடம் போய்ச் சொன்னபோது, "நாக்கா? பெரியவங்க அளவா, புள்ளைங்க அளவா?" என்று கேட்டார். அவராக ஒரு தகட்டை வெட்டிக் கொடுத்தார். உண்டியலில் போட்டாயிற்று.

கம்பெனி மாறியதில் ரெமிஜியஸுக்கு லீவு தள்ளிக்கொண்டே போனது. பிள்ளை சின்னதாக இருந்தவரை போனில் ஒரு முத்தமும் ஒரு சிரிப்பும் போதுமாயிருந்தது. அவளுக்கு ஏழு வயசானதும் அவன் கேள்வி கேட்க ஆரம்பித்தான். "எந்த கிளாசு? டீச்சர் பேரு என்ன?" அனிட்டாவுக்கு மூச்சு ஏறி நின்றது. அந்தப் பக்கம், "ஹலோ... ஹலோ... லைன் கட்டாயிடுச்சு" என்று சொல்லி வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டான். திரும்பவும் அப்படியே. மூன்றாவது தடவை அமலியே எடுத்தாள்.

"என்னாடி, புள்ளைக்கு ஏதாச்சுமா? மறைக்காம சொல்லிடு. இப்பவே டிக்கெட்ட போட்டுட்டு வந்துடுவேன்."

வந்துவிடுவான். முன்னால் பம்பாயில் வேலை பார்த்தபோது, அவன் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று எழுதிய கார்டைப் பார்த்துவிட்டு, போட்டது போட்டபடி ரயிலேறி வந்தவன். அம்மா குணமாகி நாற்றங்காலில் நின்றுகொண்டிருந்தாள். அப்படிப்பட்ட ஆள். வீடு கூரையில்லாமல் நின்றது அமலிக்கு ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை, வந்தால் ஊர் அவனிடம் சொல்லப்போகும் அந்த ஒரு வார்த்தை. நீ போனதால்தான் உன் பிள்ளைக்கு இப்படி என்று கேட்டபிறகு அவன் எங்கேயும் போகமாட்டான். நிம்மதியாக இருக்கவும் மாட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆஷ்லின் தற்செயலாகக் கூட வந்திருந்தாள். ரிசீவர் கையில் இருந்தது, பிள்ளையைக் கூப்பிடு என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். "அனிட்டான்னு சொல்லுடி" என்று அமலி அவள் காதோடு சொல்லிக் கொடுத்துவிட்டாள். அந்த ஒரு நாளைக்குத்தான் என்று நினைத்தாள்.

ஆஷ்லின் கோயில் பாட்டுக்குழுவில் பாடுகிறவள். குவைத்தில் ரெமிஜியஸ் போனை ஸ்பீக்கரில் போட்டு அறையிலிருந்தவர்களைக் கூட்டிவைத்துக் கேட்டான். "எம்மவ பாடுறா பாருங்கடா." கோயில் திருநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது ஆஷ்லின் யோசிக்கவே இல்லை. "கீபோர்டுப்பா" என்றாள். ஊருக்குத் திரும்பிய ஒருவர் அதைத் துணி சுற்றி எடுத்துவந்து அமலி வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாளே அண்ணி வந்தாள், ஆஷ்லினைக் கூட்டிக்கொண்டு.

"பாத்துட்டுப் போவலாம்னு வந்தோம். இவ ராவெல்லாம் தூங்கல."

"உக்காருங்கண்ணி. இதுல என்னா பாக்குறது. ரெண்டு புள்ளைங்களும் வச்சு வாசிக்கட்டும்."

"அதெப்படி? அனிட்டா பேருக்குல்ல வந்துருக்கு. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா..."

அனிட்டா கட்டிலுக்கு அடியிலிருந்து அதை இழுத்துவந்து ஆஷ்லின் மடியில் வைத்தாள். "இ... இது அவளோடது. அவதானே கே... கேட்டா."

குரலில் கோபம் இருந்திருந்தால் அமலிக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடையில் மாறி வந்த சாமானைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரிதான் சொன்னாள்.

பள்ளிக்கூடத்து சிஸ்டர் ஒருத்தர் சொல்லித்தான் தஞ்சாவூருக்குப் போக ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை காலை பாசஞ்சரில் ஏறினால் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். பழைய வீடொன்றின் முன்கூடத்தில் திக்கிப் பேசுகிற பிள்ளைகளுக்கும் அவர்களைக் கூட்டிவருகிறவர்களுக்கும் சேர்த்து வகுப்பு நடந்தது. நடத்தியவள் ஸ்ம்ருதி என்கிற சின்னப் பெண். அமலி அவளை டாக்டரம்மா என்றாள். "நான் டாக்டர் இல்லீங்க, பேச்சுப் பயிற்சி குடுக்கறவ" என்று ஒவ்வொரு வாரமும் அவள் திருத்தினாள். மாத்திரை தரவில்லை. நாக்கைப் பார்க்கவும் இல்லை. பெரியவர்களுக்கு ஒரே ஒரு கட்டளை போட்டாள்: பிள்ளை சொல்லவந்த வார்த்தையை யாரும் முடித்துக் கொடுக்கக் கூடாது. நிதானமாப் பேசு, மூச்சு விட்டுப் பேசு என்றும் சொல்லக்கூடாது. கேட்டுக்கொண்டு இருக்கவேண்டும், அவ்வளவுதான். அமலிக்கு அதைவிட நாற்று பறிப்பது எளிதாக இருந்தது.

நன்னிலத்துப் பக்கமிருந்து கமருன்னிஸா வருவாள், மகள் ஆமினாவோடு. ஆமினா அனிட்டாவைவிடப் பெரிய பெண். கமருன்னிஸாவின் கணவர் துபாயில். எவர்சில்வர் டப்பாவில், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டலப்பம் கொண்டுவந்து எல்லோருக்கும் கையில் வைப்பாள். வாய் ஓயாது. ஒருநாள் ஸ்ம்ருதியைக் காட்டிச் சொன்னாள்:

"இந்தப் பொண்ணோட தாத்தா நெலத்தத்தான் எங்க மாமனார் கிரயம் பண்ணாரு, தெரியுமா அமலி? வாய்க்காங்கரை மேலப் பங்கு. ஒரு வார்த்த சொல்லாம மெட்ராசுக்குப் போயிட்டாங்க."

ஸ்ம்ருதி பிள்ளைகளுக்குத் தாள் வெட்டிக்கொண்டே, "அப்படின்னா வாராவாரம் எனக்கு அரிசியும்னா வந்திருக்கணும்? வெறும் வட்டலப்பத்த வச்சு ஏமாத்தறீங்களே" என்றாள்.

"பட்டா எங்க பேர்ல. வட்டலப்பம் தர்றதே பெரிசு."

ஐப்பசி பிறந்த பிறகு ஒரு சனிக்கிழமை. ஒயர் அறுந்த கறுப்பு டெலிபோன் இரண்டை எங்கிருந்தோ வாங்கிவந்து ஸ்ம்ருதி மூலைக்கொன்றாக வைத்திருந்தாள். பிள்ளைகள் முறைவைத்து யாருக்காவது பேசவேண்டும். மறுமுனையில் அவள். ஆமினா டீக்கடைக்குப் பேசினாள்.

"நா... நா... நாலு டீ. ஒண்ணுல ச... சக்கர இல்லாம."

"டீ மாஸ்டர் லீவுங்க."

"அ... அப்ப நீங்க போடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஆமினாவே சிரித்தாள். அடுத்தது அனிட்டா.

"யார்கிட்ட பேசப்போற?"

"அ... அப்பா."

ரிசீவரை எடுத்தாள். காதில் வைக்கவில்லை. பக்கத்தில் யாருமில்லாத இடத்தை நோக்கி நீட்டினாள்.

"யாருக்குக் குடுக்கற?"

"ஆ... ஆ..."

"ஆஷ்லின்" என்றாள் அமலி. சொன்னபிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்ம்ருதி அவளைப் பார்த்துவிட்டுப் பிள்ளை பக்கம் திரும்பினாள். "ஆஷ்லின் யாரு?"

அனிட்டாவுக்கு நேரம் பிடித்தது. யாரும் முடித்துக் கொடுக்கவில்லை. "வெ... வெள்ளிக்கெழம அவதான் அ... அ... அனிட்டா. நான் சும்மா கூ... கூடப் போவேன்."

வெளியே ரோட்டில் ஒரு வண்டிக்காரன் வாழைத்தாரை இறக்கிக்கொண்டிருந்தான். பிறகு ஸ்ம்ருதி, "சரி, இப்ப அடுத்த ஆள்" என்று சாதாரணமாகச் சொன்னாள்.

வகுப்பு முடிந்து, பிள்ளைகள் முற்றத்துக் குழாயில் தண்ணீர் குடிக்கப் போன பிறகு கமருன்னிஸா பிடித்துக்கொண்டாள்.

"என்னா காரியம் பண்ணி வச்சிருக்க நீ?"

அமலி சொன்னாள். முதல் நாள் லைன் அறுந்ததிலிருந்து கீபோர்டு வரை. "கேட்டா வந்துடுவாருக்கா. அப்படியே வுட்டுட்டு வந்துடுவாரு."

"புருஷன் வந்துடுவான்னு பயப்படுற பொம்பளைய இப்பத்தான் பாக்குறேன். நாங்கள்லாம் வரமாட்டேங்கிறானேன்னு கெடக்குறோம்." சொல்லிவிட்டு அவளே குரலை இறக்கினாள். "ஆமினா பேச ஆரம்பிச்சா அவ அத்தா அங்கயே தூங்கிப்போயிடுவாரு. கார்டு தீந்துடும். மறுவாரம் 'புள்ள என்னா சொல்லுச்சு'ன்னு என்னைய கேப்பாரு. ஆனா ஒண்ணு, தூங்கினாலும் வைக்கமாட்டாரு."

"என்னாலதான் ஏக்கம்னு நெனச்சுக்குவாருக்கா."

ஸ்ம்ருதி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏக்கத்துல வர்றதில்லைங்க இது. அவர் இங்கயே இருந்திருந்தாலும் வந்திருக்கலாம். அவர் போனதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. உங்க மேலயும் தப்பில்ல."

"எப்ப சரியாவுங்க?"

"சில பேருக்குக் குறையும். சில பேருக்குக் கடைசிவரைக்கும் கூடவே இருக்கும். இருந்தாலும் பேசலாம். அவ பேச்சை விட்டுடாம பாத்துக்கறதுதான் நம்ம வேலை." கொஞ்சம் தயங்கி, "அவருக்கு நான் வேணா எழுதட்டுமா?" என்றாள்.

"வேணாங்க" என்றாள் அமலி. "கிறிஸ்துமஸுக்கு வந்தாலும் வருவாரு."

"வந்து நேர்ல பாத்தா என்னா பண்ணுவ?" என்றாள் கமருன்னிஸா. "அண்ணன் மவள வீட்டுல வச்சுக்கிட்டு, பெத்தத ஒளிச்சு வைப்பியா?"

அமலி மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ரயிலில் அனிட்டா ஜன்னலோரம் தூங்கிவிட்டாள்.

திங்கட்கிழமை அமலி வயலில் நடவு. தங்கையன் டிராக்டர் விட்டுச் சேறாக்கிக் கொடுத்திருந்தான். ஆறேழு பெண்கள் வரிசை பிடித்திருந்தார்கள். மழை தூறுவதும் நிற்பதுமாக இருந்தது. பள்ளிக்கூடம் மழைக்கு விட்டிருந்ததால் அனிட்டா வரப்பில் டீத்தூக்கோடு வந்தாள். வரிசையின் நடுவிலிருந்து ஒருத்தி, "யாரு, அமலி மவளா? என்னா பாப்பா கொண்டாந்திருக்க?" என்றாள்.

அமலிக்குப் பதில் வாய்வரை வந்துவிட்டது. கையிலிருந்த நாற்றைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு அடக்கினாள்.

அனிட்டா நின்றாள். நடுகிற யாரும் நிமிரவில்லை. நடவில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கேள்வி கேட்டவளும் பதில் வரும்வரை இரண்டு குத்து, நாலு குத்து என்று நட்டுப் பின்னால் போய்க்கொண்டே இருந்தாள்.

"டீ... டீயும் பருப்பு வ... வடையும்."

"வடை ஆளுக்கு எத்தினி?"

"ஒ... ஒண்ணுதான். உ... உங்களுக்கு வேணா என்னோடத தரேன்."

"அடி இவளே! ஆத்தாகாரி இத்தன வருஷத்துல பாதி வடை குடுத்ததில்ல" என்று அவள் சேற்றுக்குள்ளிருந்தே சொன்னாள். வரிசை முழுக்கச் சிரித்தது. இன்னொருத்தி, "வடையில உப்பு இருக்கான்னு கேளுடி" என்றாள். அமலி குனிந்தபடியே இருந்தாள். மகள் ஒரேயடியாக அத்தனை பேரிடம் பேசி அவள் கேட்டதில்லை.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஆஷ்லின் தரையில் கீபோர்டை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். அருள்பிரகாஷ் அரைவை மில்லிலிருந்து வந்து, தவிடு படிந்த தலையோடு முதுகைக் காட்டிப் படுத்திருந்தான்.

"வர்ற வெள்ளிக்கெழமேலேருந்து நீ பூத்துக்கு வரவேணாம் ஆஷ்லின்" என்றாள் அமலி.

"ஏன்த்தை? நான் என்னா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. அனிட்டாவே பேசட்டும்."

ஆஷ்லின் கட்டைகளின் மேல் கையை வைத்தபடி இருந்தாள். "அப்ப மாமா இனிமே எங்கிட்ட பேசமாட்டாரா?" ஒரு கட்டையை அழுத்திவிட்டு, "அவருதான் நான் என்னா படிச்சேன்னு கேப்பாரு" என்றாள்.

அருள்பிரகாஷ் புரண்டு படுத்தான். கேட்டானா, தூங்கினானா தெரியவில்லை. அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாள். அமலி பிள்ளையின் தலையைத் தடவப் போனாள். ஆஷ்லின் தலையை நகர்த்திக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை நல்ல மழை. பெஞ்சிலிருந்தவர்கள் பூத்துக்குள் ஒண்டிக்கொண்டதில் நிற்க இடமில்லை. ஈரச் சீலையும் மல்லிகையும் சேர்ந்து நாறியது.

"இன்னிக்குப் பாட்டுக்காரப் புள்ளய காணும்?" என்றார் ஜெகபர் அலி.

"வரலைங்க பாய்."

அனிட்டா அம்மாவின் முந்தானையைப் பிடித்திருந்தாள். பேசச் சொல்லி அமலி அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. காலையில், "இன்னிக்கு நீ பேசுறியா?" என்று கேட்டிருந்தாள். அனிட்டா பல் துலக்கிக்கொண்டே தலையை ஆட்டியிருந்தாள்.

லைன் வந்தது.

"அமலி, கிறிஸ்துமஸுக்கு லீவு கையெழுத்தாயிடுச்சு!" ரெமிஜியஸ் கத்தினான். பின்னால் ஆட்கள் சிரிக்கிற சத்தம். "புள்ளய கூப்புடு. பயலுவ பாட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கானுவ."

"இன்னிக்குப் பாட்டு இல்ல. ஸ்பீக்கர நிறுத்துங்க. நீங்க மட்டும் கேளுங்க."

"ஏன்?"

"நிறுத்துங்க."

சிரிப்புச் சத்தம் அறுந்தது.

"புள்ள பேசும். பேசுறப்ப நடுவுல சத்தம் வராது. லைன் போயிட்டதுன்னு வச்சுடாதீங்க. லைன் இருக்கும். வைக்காம இருங்க."

"என்னாடி சொல்ற, எனக்கு ஒண்ணும்..."

ரிசீவரை அனிட்டா கையில் கொடுத்துவிட்டாள். அனிட்டா அதைக் காதில் வைத்துக்கொண்டாள். வாய் திறந்தது. கழுத்து நரம்பு எழும்பியது. ரிசீவரிலிருந்து, "ஹலோ" என்று பூச்சி இரைவது போல ஒரு சத்தம். இன்னொரு தடவை, "ஹலோ." மகள் சொல்லவரும் வார்த்தை என்னவென்று அமலிக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடி வழியே வாசலில் பெய்கிற மழையைப் பார்த்தாள். மூன்றாவது ஹலோ வரவில்லை. வைக்கிற சத்தமும் வரவில்லை.

"அ... அ... அப்பா."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டான்.

"இ... இல்லப்பா. ஆ... ஆஷ்லின் இல்ல." மூச்சை உள்ளே இழுத்தாள். "நான்..."

அங்கே மாட்டிக்கொண்டது. எப்போதும் மாட்டுகிற இடம். கூண்டுக்கு வெளியே அடுத்த முறைக்காரி கண்ணாடியைத் தட்டினாள். ஜெகபர் அலி எழுந்துவந்து அவளைப் பொறுத்திருக்கச் சொல்லிச் சைகை காட்டினார். அமலி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றாள்.

"அ... அ... அனிட்டா."

ரிசீவரில் நீளமாக ஒரு கேள்வி. அனிட்டா அம்மாவைப் பார்த்தாள். அமலி சொல் என்றும் தலையாட்டவில்லை, சொல்லாதே என்றும் ஆட்டவில்லை.

"அது ஆ... ஆஷ்லின்ப்பா. எ... எப்பவும் அவதான் பேசுனா. நான் ப... பக்கத்துல இருந்தேன்."

பிறகு ரிசீவரில் ஒரு சத்தமும் இல்லை. அனிட்டா அதைக் காதில் அழுத்திப் பார்த்தாள். மறுகாதுக்கு மாற்றினாள்.

"அம்மா, ச... சத்தமே வரல. லைன் க... கட்டாயிடுச்சு போல."

அமலி வாங்கிக் கேட்டாள். மின்விசிறி ஓடுகிற ஓசை. தூரத்தில் யாரோ, "என்னண்ணே, என்னாச்சு?" என்று கேட்கிறார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. போனுக்கு மிக அருகில் ஒரு மூச்சு, ஏறுவதும் பாதியில் நிற்பதுமாக.

அவள் ரிசீவரை மகளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"கட்டாவல. அப்பா இருக்காரு. வைக்காத."

அனிட்டா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் இ... இருக்கேன்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் பேசட்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள்.